வெட்டுத்துண்டில் தைக்கும் போர்வை: அன்பளிப்பும் விலையும்

கட்டுநாயக்க ஏற்றுமதி வலயம் 1978 இல் ஆரம்பமானது. 1992 இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. தொழிற்சாலை பெருகியதோடு அங்கு மிஞ்சும் வெட்டுத்துண்டும் பெருகி, கிலோக் கணக்கில் விற்கும் சரக்காகிவிட்டது. 2022 இல் ரூபா சரிந்து இறக்குமதித் துணி விலை ஏறிய பிறகு அதைத் தேடி வரும் தாய்மாரின் தொகையும் கூடியிருக்கிறது. பேரப்பிள்ளைக்கு ஒன்று, புது மருமகளுக்கு ஒன்று என்று துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, துணியை அறிந்து வாங்குங்கள். ஒரே பொதியில் கொட்டனும் பொலியஸ்டரும் டீசேர்ட் துணியும் கலந்து கிடக்கும். கொட்டன் முதல் சலவையில் நூற்றுக்கு மூன்று, நான்கு வீதம் சுருங்கும், பொலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் அடுத்தடுத்துத் தைத்தால் ஒரு சலவையோடு போர்வை முழுவதும் சுருக்கம் விழும். டீசேர்ட் துணி இழுபடும், அதை விட்டுவிடுங்கள். சந்தேகமென்றால் நாலைந்து நூலை உருவி நெருப்புக் காட்டுங்கள். கொட்டன் கடதாசி எரிவது போல மணந்து பொடிச் சாம்பலாகும். பொலியஸ்டர் உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும். சிவப்பு, கடும் நீலம் போன்ற நிறங்களைச் சுடுநீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் போனால் அது போர்வைக்கு ஆகாது. எந்தத் துண்டையும் வெட்டுவதற்கு முன்பே ஒரு தரம் கழுவி உலர்த்திவிட வேண்டும்.

இனி கணக்கு. ஒற்றைக் கட்டிலுக்கு 60 அங்குலம் அகலம், 90 அங்குலம் நீளம் போதும். 6 அங்குலச் சதுரங்கள் என்றால் குறுக்கே 10, நெடுக்கே 15, மொத்தம் 150. தையலுக்கு நாலு பக்கமும் அரை அங்குலம் விட்டு 7 அங்குலமாக வெட்டுங்கள். 44 அங்குல அகலத் துணியாக வாங்கினால் ஏறக்குறைய 5 யார் பிடிக்கும். வெட்டுத்துண்டென்றால் மூலையும் கோணலுமாகக் கழிவு அதிகம் போகும், தாராளமாக வாங்க வேண்டும். அடித்துணிக்கு அதே அகலத்தில் இரண்டு நீளத்தை இணைக்க ஐந்தேகால் யார் தேவை. இந்தத் துணி செலவைக் கூட்டும் என்பதால் பலர் பழைய பெட்சீட் ஒன்றைப் போடுகிறார்கள். நைந்து போகாதிருந்தால் அதில் குறையில்லை.

நடுவில் என்ன வைப்பது? நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் என்றால் பொலியஸ்டர் பஞ்சு விரிப்பு வைக்கலாம். கொழும்பிலும் காத்தான்குடியிலும் அதைப் போர்த்த யாரால் முடியும்? அங்கெல்லாம் வாப்பாவின் பழைய சாரமோ உம்மாவின் பழைய சாரியோ போதும். வங்காளத்தில் காந்தா என்று பழைய சாரிகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுகிறார்களே, அதுவும் இந்த முறைதான். நம்முடைய ‘கந்தை’ என்ற சொல்லும் அதற்கு உறவு. இலவம் பஞ்சு தலையணைக்கு உரியது. போர்வையில் வைத்துக் கழுவினால் கட்டியாகிவிடும். மூன்று அடுக்கையும் நாலு அங்குலத்துக்கு ஒரு வரி வீதம் தைத்துவிட்டால் உள்ளே உள்ளது நகராது. கைக்குழந்தைக்கென்றால் பொத்தான், மணி, மினுக்கம் எதுவும் வேண்டாம். ஒரு வயது வரை தூங்கும் குழந்தையின் மேல் போர்த்தவும் கூடாது. விழித்திருக்கும்போது தரையில் விரித்து விளையாட விடுங்கள்.

தாய்மாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுப்பதில் நீதமாக நடக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியதை நுஃமான் இப்னு பஷீர் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். மூத்த மகளுக்கு நல்ல கொட்டனில் ஒன்றும் இளைய மகளுக்கு மிஞ்சிய துண்டில் ஒன்றும் தைத்தால் வீட்டில் மனத்தாங்கல் வரத்தான் செய்யும். மூன்று பேருக்குத் தைக்க நினைத்தால் மூன்றுக்கும் துணியை ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே வெட்டி வையுங்கள்.

அன்பளிப்பாகத் தைத்ததைப் பார்த்து அயல்வீட்டார் “எனக்கும் ஒன்று, காசு தருகிறேன்” என்பார்கள். நமது சகோதரிகள் நட்டப்படுவது அநேகமாக இந்த இடத்தில்தான். துணிக் காசோடு இருநூறு முந்நூறைக் கூட்டி ஒரு விலை சொல்லிவிடுகிறார்கள். வெட்ட, இணைக்க, மூன்றடுக்கும் தைக்க, விளிம்பு கட்ட என்று கைதேர்ந்தவருக்கும் நாலைந்து நாள் போகும். உங்கள் ஊரில் தையல்காரிக்கு நாட்கூலி என்னவோ அதை நாலைந்தால் பெருக்குங்கள். அதோடு துணி, நூல், மின்சாரம் மூன்றையும் கூட்டினால் வருவது அடக்கவிலை. இலாபம் அதற்கு மேல்தான். மகளுக்குத் தைக்கும்போது கூலி பார்க்கத் தேவையில்லை, அது உங்கள் பிரியம். மற்றவருக்கு அதே கணக்கில் கொடுத்தால் அடுத்த தெருவில் தையலை நம்பிப் பிழைக்கும் விதவைத் தாயின் விலையையும் சேர்த்தே இறக்குகிறீர்கள்.

“நடைபாதையில் மலிவாகக் கிடைக்கிறதே” என்று சிலர் பேரம் பேசுவார்கள். அந்த விரிப்பைப் புரட்டிக் காட்டுங்கள். அடித்துணி இருக்காது, நடு அடுக்கும் இருக்காது. ஓவர்லொக் மெஷினில் ஒரே ஓட்டமாக ஓட்டியது அது. அன்பளிப்புக் கடைகளுக்குக் கொடுப்பதானால் “விற்ற பிறகு காசு” என்ற பேச்சை வாயளவில் விடாமல், எத்தனை போர்வை, என்ன விலை, எந்தத் திகதிக்குள் கணக்கு என்பதை எழுதி, இரு தரப்பும் கையொப்பமிட்ட பிறகே சரக்கை இறக்குங்கள்.