பூட்டின் சூட்சுமம் யாருக்குச் சொந்தம்?

"பூட்டை உடைப்பது எப்படி என்று கல்லூரியிலேயே வகுப்பு நடத்துகிறார்களாமே, இது அடுக்குமா?" என்று கேட்போர் இருக்கிறார்கள். கணிப்பொறி வலைப்பின்னல் பாதுகாப்பு என்ற பாடத்தைப் பற்றித்தான் இந்த அங்கலாய்ப்பு. சூட்சுமம் நாலு பேருக்குத் தெரிந்தால் நாடு கெட்டுவிடுமாம்; விவரம் தெரிந்த மேலிடத்தார் கையில் அது பத்திரமாக இருக்கட்டுமாம். கேட்பதற்கு நியாயம் போலத்தான் ஒலிக்கிறது. தோழர்களிலும் சிலர் தலையாட்டக்கூடும். தலையாட்டுமுன் நடந்த கதையைக் கேளுங்கள் என்கிறோம் நாம்.

காலை ஷிப்டுக்குப் போகும் தொழிலாளி, தேநீர்க் கடையில் செல்போனை நீட்டிக் காசு கொடுக்கிறார். அந்தச் செய்தி எத்தனையோ இயந்திரங்களைக் கடந்து வங்கிக்குப் போகிறது. வழியில் எவனும் காது கொடுக்கலாம். ஆனால் காதில் விழுவது வெறும் இரைச்சல். ஏன்? செல்போனும் மறுமுனை இயந்திரமும் அந்த நொடியிலேயே தமக்குள் ஒரு ரகசியச் சாவி செய்துகொண்டுவிட்டன. முன்பின் பார்த்திராத இருவர், நட்ட நடுத் தெருவில், ஊரே கேட்க உரக்கப் பேசி, தம் இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு ரகசியத்தை உண்டாக்குவதா? நடக்கிற காரியமா?

நடவாது என்றுதான் மேதைகளும் எண்ணியிருந்தார்கள். சாவியை முன்கூட்டியே ஆள் வைத்து அனுப்பியாக வேண்டும் என்பதே அன்றைய வேதவாக்கு. 1974-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில், கணிப்பொறிப் பாதுகாப்பு வகுப்பில் ஒரு மாணவர் உட்கார்ந்திருந்தார். பெயர் ரால்ப் மெர்க்கிள். பட்டம்கூட வாங்காத 22 வயது இளைஞர். வகுப்பில் ஆளுக்கொரு ஆய்வுத் திட்டம் எழுதித் தரச் சொன்னார்கள். இவர் எழுதித் தந்தது இந்த நடவாத காரியத்துக்கே வழி!

வழி எளியது. தோழர்கள் இப்படி எண்ணிப் பாருங்கள். நாம் 10 லட்சம் சிறு பெட்டிகள் செய்கிறோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சீட்டு. சீட்டில் ஓர் எண்ணும் ஒரு சாவியும். எந்தப் பெட்டியையும் ஒரு நிமிடம் மெனக்கெட்டால் உடைத்துவிடலாம். அத்தனையையும் கலைத்துப்போட்டுத் தெருவில் கொட்டிவிடுகிறோம். எதிர்வீட்டு நண்பர் கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்து உடைத்து, "என் சீட்டு எண் இது" என்று உரக்கக் கூவுகிறார். சாவியைச் சொல்லவில்லை, எண்ணை மட்டுமே சொல்கிறார். எந்த எண்ணுக்கு எந்தச் சாவி என்பது நம் கணக்கேட்டில் இருக்கிறது. தீர்ந்தது வேலை! ஒட்டுக் கேட்டவன் என்ன செய்வான்? எண் தெரியும், அது எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று தெரியாது. சராசரி 5 லட்சம் பெட்டிகளை உடைக்க வேண்டும். 5 லட்சம் நிமிடம் என்றால் இரவு பகல் ஓயாமல் 347 நாள். நண்பருக்கு ஒரு நிமிடம், திருடனுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு.

ஆசிரியர் என்ன செய்தார்? விளங்கவில்லை, வேறு திட்டம் எழுது என்றார். மெர்க்கிள் வகுப்பை விட்டார், கருத்தை விடவில்லை. 1975-இல் கட்டுரையாக்கி ஆய்வு ஏட்டுக்கு அனுப்பினார். இத்துறையின் இன்றைய சிந்தனைப் போக்கோடு இது ஒட்டவில்லை என்று சொல்லி அங்கும் தள்ளினார்கள். ஒட்டினால் அது புதுமையா? கட்டுரை அச்சேறியது 1978-இல்தான்.

அதற்குள் அதே மாநிலத்தில், ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில், விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்னும் இருவர் வேறொரு வழி கண்டு, 1976 நவம்பரில் அனைவரும் படிக்க வெளியிட்டுவிட்டனர். பாலில் சர்க்கரையைக் கரைப்பது எளிது, கரைத்ததைப் பிரித்தெடுப்பது அரிது அல்லவா? அப்படி முன்னே போக எளிதாய், திரும்பி வர அரிதாய் உள்ள ஒரு கணக்கைக் கொண்டு செய்த வழி அது. தேநீர்க் கடையில் நம் தொழிலாளியின் செல்போன் சாவி செய்வது இந்த வழியின் வாரிசு முறையில்தான். மெர்க்கிளும் ஹெல்மனிடமே ஆராய்ச்சி மாணவராய்ப் போய்ச் சேர்ந்தார்.

இங்கேதான் மேலிடம் விழித்துக்கொண்டது. அமெரிக்கச் சட்டப்படி ரகசியக் குறியீட்டுக் கருவி ஒரு போர்த்தளவாடம்; பீரங்கியும் டாங்கியும் இருந்த பட்டியலில் அதுவும் இருந்தது. 1977 ஜூலையில், அந்நாட்டின் ஒற்று நிறுவனமான தேசியப் பாதுகாப்பு முகமையின் ஊழியர் ஒருவர் பொறியாளர் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார்: இத்தகைய கட்டுரைகளை வெளியிடுவது ஆயுதச் சட்டத்தை மீறுவதாகலாம் என்று. அவர் சொந்தப் பொறுப்பில் எழுதினார் என்று முகமை கூறியது. நல்லது, அப்படியே இருக்கட்டும்!

அவ்வாண்டு அக்டோபரில் கார்னெல் பல்கலைக் கழகத்தில் மாநாடு. மெர்க்கிளும் ஸ்டீவ் போலிக் என்ற இன்னொரு மாணவரும் கட்டுரை படிக்க வேண்டும். ஸ்டான்போர்டின் வழக்கறிஞர் எச்சரித்தார்: வழக்கு வந்தால் பேராசிரியருக்காகப் பல்கலைக் கழகம் வாதாடும், மாணவர்களுக்கு அந்த உறுதியைத் தர இயலாது என்று. ஹெல்மன் என்ன செய்தார் தெரியுமா? கட்டுரைகளைத் தாமே படித்தார். மாணவர் இருவரையும் மேடையில் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு படித்தார். உழைப்பு இவர்களுடையது என்று உலகம் காணட்டும், வழக்கு வந்தால் என் தலையில் விழட்டும் என்ற ஏற்பாடு. இவரல்லவா ஆசிரியர்!

மறுபுறத்தையும் பாருங்கள். பிரிட்டிஷ் அரசின் ஒட்டுக் கேட்கும் துறையில் ஜேம்ஸ் எல்லிஸ் என்பவர் 1970-லேயே இது முடியும் என்று எழுதிவிட்டார். 1973-லும் 1974-லும் உடன் பணிபுரிந்தோர் கணக்கு வழியும் கண்டனர். அத்தனையும் அலமாரிக்குள் போயிற்று. மேலிடத்தார் கையில் பத்திரமாகத்தான் இருந்தது! பயன்? தேநீர்க் கடைக்காரருக்குமில்லை, தொழிலாளிக்குமில்லை. 1997 டிசம்பரில்தான் அலமாரி திறந்தது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்கள் முன்பு, நவம்பரில் மறைந்துவிட்டார்.

படித்தவன் திருடினால் என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. 1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் மாணவர் ராபர்ட் மோரிஸ் அவிழ்த்துவிட்ட ஒரு நிரல் புழுவைப்போல் ஊர்ந்து பல ஆயிரம் கணிப்பொறிகளை முடக்கியது. 1990-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 10,050 டாலர் அபராதம், 400 மணி நேரச் சமூகப் பணி, 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆனால் புழு புகுந்த ஓட்டைகளை அவரா போட்டார்? அவை முன்பே இருந்தவை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொல் அவற்றில் ஒன்று. இரவு பகல் கண்விழித்து அந்தப் புழுவைப் பிரித்துப் பார்த்து மாற்று மருந்து சொன்னவர்களும் பெர்க்கிலி, எம்.ஐ.டி. முதலான பல்கலைக் கழகங்களில் இருந்தவர்களே. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், அனுமதியின்றிப் பிறர் கணிப்பொறிக்குள் நுழைந்து கேடு செய்வோனுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. செயலுக்குத் தண்டனை, சரி. அறிவுக்கு ஏன்?

அமெரிக்க அரசும் 2000-ஆம் ஆண்டில் தன் ஏற்றுமதித் தடைகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. டிபிக்கும் ஹெல்மனுக்கும் 2015-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. மெர்க்கிளின் பெயரையும் சேர்த்தே இம்முறையை அழைக்க வேண்டும் என்று ஹெல்மனே சொல்லியிருந்தும், பரிசுப் பட்டியலில் அந்த மூன்றாம் பெயர் இல்லை.

ஒற்று நிறுவனங்கள் மூடி வைக்க விரும்பிய அந்தக் கணக்கு இன்று அண்ணா பல்கலைக் கழகப் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளியின் மகள் அதைப் படித்துத் தேர்வெழுதலாம். ஆனால் மனப்பாடம் போதாது. பழைய கணிப்பொறிகள் நாலைந்தை வெளியுலகத் தொடர்பில்லாமல் தனியே இணைத்து, ஒரு குழு பூட்ட, மறு குழு உடைக்க முயல, எங்கே தவறினோம் என்று இரு குழுவும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்போதுதான் பாடம் கையில் ஏறும். அதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை, அறைக் கதவு திறந்திருந்தால் போதும். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிருக்கும் தோழர்கள், கட்டணம் செலுத்தப் போகிற நாளில் இதையும் ஒரு வார்த்தை கேட்டு வரட்டும்: ஆய்வுக்கூடம் வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது?