நூலுக்கு வாங்கிய நீலம்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாயப்பட்டறையில் வேலை. 'பருத்தியை விடாமல் பிடிக்கிற ரியாக்டிவ் சாயம் உடம்புக்குள்ளே போனால் எதைப் பிடிக்கும்?' கேள்வி அவ்வளவுதான். பதில் சொல்ல ஒரு நீலச் சாயத்தின் கதைக்குள் போக வேண்டும். எனக்கும் அதைச் சொல்ல நெடுநாள் ஆசை.

சாயத்தின் பெயர் சிபாக்ரான் புளூ. மூலக்கூறின் நடுவில் ஒரு டிரையசின் வளையம், அதில் ஒரு குளோரின். சோடா ஆஷ் போட்ட தொட்டியில் குளோரின் கழன்றுகொள்ள, அந்த இடத்தில் சாயம் நூலோடு பிணைந்துவிடும். பட்டறைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆய்வுக்கூடங்களில் இதே சாயத்தை டெக்ஸ்ட்ரான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலியில் கோத்து வைத்திருந்தார்கள். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் குழாயில் சின்ன மூலக்கூறுகள் மணிகளின் துளைகளுக்குள் புகுந்து புகுந்து தாமதமாக வரும். நீல டெக்ஸ்ட்ரானின் மூலக்கூறு எடை சுமார் 20 லட்சம். எந்தத் துளையிலும் நுழையாது, முதலில் இறங்கிவிடும். எது முதலில் வருகிறது என்று கண்ணுக்குக் காட்டுவதுதான் அதன் வேலை. 1968-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஈஸ்ட்டின் பைருவேட் கைனேஸ் நொதியை இப்படிப் பிரித்தபோது, பின்தங்கி வர வேண்டிய நொதி நீலத்தோடு ஒட்டிக்கொண்டு முன்னாலேயே வந்து நின்றது. அது பிடித்திருந்தது சர்க்கரையை அல்ல, சாயத்தை!

காரணம் உருவ ஒற்றுமை. என்ஏடி, ஏடிபி போன்ற துணை மூலக்கூறுகள் இல்லாமல் பல நொதிகளுக்கு வேலை ஓடாது. அவற்றில் தட்டையான வளையங்களும் எதிர்மின் சுமையுள்ள பாஸ்பேட்டுகளும் உண்டு. சாயத்திலும் தட்டை வளையங்கள். பாஸ்பேட்டுக்குப் பதில் எதிர்மின் சல்போனேட்டுகள். நொதி ஏமாந்துபோகிறது. எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு டிக்கெட் வாங்குவதில்லை, எங்கேயும் போவதுமில்லை. ஆனால் அது கிடக்கிறவரை யாரும் உட்கார முடியாது. சாயத்தின் தடுப்பு அப்படித்தான். என்ஏடி அளவைக் கூட்டிக்கொண்டே போனால் இடம் திரும்பக் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். குதிரையின் ஈரலிலுள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் நொதியைச் சாயத்தோடு படிகமாக்கிப் பார்த்தார்கள். சாயத்தின் ஆந்த்ராகுவினோன் பகுதி, என்ஏடியின் அடினீன் உட்காரும் இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மறுமுனையோ என்ஏடி போகும் வழியில் போகாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. பாதி வேஷமே போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்த ஏமாற்றைப் பிரித்தெடுக்கும் முறையாகவே ஆக்கிவிட்டார்கள். நீலம் ஏற்றிய மணிகள் நிரம்பிய குழாயில் கலங்கலான செல் சாற்றை ஊற்றினால் மற்றப் புரதங்கள் பெரும்பாலும் வழிந்துவிடும். பிறகு என்ஏடியின் இன்னொரு வடிவமான என்ஏடிஎச் கரைசலை விட, அதுவரை பிடித்துக்கொண்டிருந்த நொதி கைவிட்டு, நிறமே இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும். குழாய் நீலமாகவே இருக்கும். ரத்தத்திலுள்ள அல்புமினும் இதில் ஒட்டும். அதில் என்ஏடிக்கான பை கிடையாது. கொழுப்பு அமிலம், பிலிரூபின் என்று எதையாவது சுமந்து திரிவது அதன் சுபாவம்.

இனி வாசகரின் கேள்விக்கு வரலாம். மேலே சொன்னதெல்லாம் விட்டுவிடக்கூடிய பிடி. ரியாக்டிவ் சாயத்தூள் மூச்சில் போனால் கதை வேறு. நூலைப் பிடித்த அதே வினைமுனை நம் புரதங்களையும் நிரந்தரமாகப் பிணைக்கும். அல்புமினோடு சாயம் பிணைந்த கூட்டை அந்நியப் பொருளென்று நினைத்துச் சிலருடைய உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. இத்தொழிலில் ஆஸ்துமா வருவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஆபத்து பெரும்பாலும் தொட்டியருகில் இல்லை, டப்பாவைத் திறந்து தூளை எடைபோடும் இடத்தில் இருக்கிறது. ஷேடு பார்க்கும் கருவிக்கு லட்சக்கணக்கில் செலவழிக்கும் முதலாளிகள், தூள் நிறுக்கும் அறைக்குக் காற்றை இழுத்து வெளியேற்றும் மின்விசிறி ஒன்று வாங்க ஏனோ யோசிக்கிறார்கள். மூக்கில் கட்டிய கைக்குட்டை அந்தத் தூளைத் தடுக்காது.