புதுக்கோட்டைக்கு முதலீட்டை யார் அழைப்பது?

திருச்சி பன்னாட்டு விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டைச் சாலையில். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து இறங்குகிறவர், ஊருக்குள் போகாமல் எதிர்ப்பக்கம் வண்டியைத் திருப்பினால் சற்று நேரத்தில் மாத்தூர் வந்துவிடும். அங்கிருந்து புதுக்கோட்டை மாவட்டம். 1,112 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம் ஆண்டுக்கு 44.5 லட்சம் பயணிகளைக் கையாளக்கூடியது. வாசலிலேயே விமான நிலையம் இருக்கும்போது முதலீட்டுக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றும்.

அதே 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாநகராட்சி ஆனது. நாமக்கல், திருவண்ணாமலை, காரைக்குடி ஆகிய ஊர்களும் உடன் தரம் உயர்ந்தன. அதன்பிறகு உள்ளூர் வணிகர்கள் பேச்சில் ஒரு கேள்வி அடிக்கடி அடிபடுகிறது. மாநகராட்சி ஆகிவிட்டோமே, மேயர் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் போய், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று கம்பெனிகளைக் கூப்பிடக் கூடாதா?

மற்ற நாடுகளில் கூப்பிடுகிறார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டர், பஞ்சாலைகள் மூடி நொடித்துப்போன நகரம். முதலீட்டாளர்களைத் தேடிப் பிடிப்பதற்கென்றே மைடாஸ் என்ற அமைப்பை அது 1997இல் தொடங்கியது. பிரான்சின் கான் நகரில் ஆண்டுதோறும் நடக்கும் ரியல் எஸ்டேட் சந்தையில் ஐரோப்பிய நகராட்சிகள் தங்கள் ஊரின் மாதிரி வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு ஆள் பிடிப்பதைப் பார்க்கலாம். சீனாவின் குன்ஷான் இன்னும் துணிச்சலான ஊர். 1980களின் நடுவில் பெய்ஜிங்கின் அனுமதிக்குக்கூடக் காத்திருக்காமல், ஷாங்காய்க்குப் பக்கத்து வயல்வெளியில் தன் காசைப் போட்டு ஒரு தொழிற்பேட்டையை அமைத்தது. மத்திய அரசின் அங்கீகாரம் 1992இல்தான் வந்தது. பிறகு தைவான் நிறுவனங்கள் அங்கே வந்து குவிந்தன.

குன்ஷானால் முடிந்ததற்குக் காரணம் வீரம் மட்டுமில்லை. நிலம் அந்த உள்ளாட்சியின் கையில் இருந்தது. குத்தகைக்கு விட்ட பணமும் பெருமளவு அதன் பெட்டிக்கே வந்தது. கம்பெனி வந்தால் ஊருக்கு வருமானம், ஊர்த் தலைவருக்குப் பதவி உயர்வு. அதனால் ஓடி ஓடி அழைத்தார்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று 18 பணிகளைப் பட்டியல் போட்டது. பன்னிரண்டாவது அட்டவணையில் மூன்றாவது இனமாக இருப்பதே பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டமிடுதல்தான். ஆனால் ஒப்படைப்பதும் ஒப்படைக்காததும் மாநிலங்களின் விருப்பம். எந்த மாநிலமும் இதை மனமுவந்து கொடுத்ததாகச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தொழிற்சாலைக்கு நிலம் கொடுப்பது 1971இல் தொடங்கிய சிப்காட். 99 ஆண்டுக் குத்தகைப் பணமும் அதற்கே. பெரிய திட்டங்களில் கூட்டுச் சேர்வது 1965இல் வந்த டிட்கோ. மானியத்தை முடிவு செய்வது தொழில் துறை. மின்சாரத்துக்கு மின்வாரியம், புகைக்கும் கழிவுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மாநகராட்சியின் கையில் மிஞ்சுவது சொத்து வரி, தொழில் வரி, தண்ணீர், குப்பை, தெருவிளக்கு, கட்டட அனுமதியில் ஒரு பங்கு. ஆணையரை நியமிப்பதுகூட அரசுதான். மேயர் அரசு முறையில் வெளிநாடு போக வேண்டுமென்றால் மாநில அரசின் இசைவும் வேண்டும், டெல்லி வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் வேண்டும். இத்தனை வாசலையும் தாண்டி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தாலும், எத்தனை ஏக்கர் தருவீர்கள் என்ற முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

ஆகவே புதுக்கோட்டைக்காக உலகத்தை அழைப்பது சென்னை. அதற்கென்று இருப்பது 1992இல் உருவான வழிகாட்டி நிறுவனம். கைடன்ஸ் என்றால்தான் தொழில் வட்டாரத்தில் தெரியும். முதலமைச்சரின் துபாய், ஜப்பான், ஸ்பெயின், அமெரிக்கப் பயணங்களுக்குப் பின்னால் கோப்பு தயாரித்தவர்கள் இவர்கள்தான். 2015, 2019, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர்கள் மாநாடுகளும் இவர்கள் பொறுப்பு. கடைசி மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய், நேரடியாகவும் மறைமுகமாகவும் சேர்த்து 26.9 லட்சம் வேலைகள் என்று அறிவித்தார்கள். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இவை புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். பெண் பார்த்துவிட்டுப் போனதற்குச் சமம், தாலி இன்னும் கட்டவில்லை. வராமல் போனால் யாரும் யார் மீதும் வழக்குப் போட முடியாது.

இந்தச் சந்தையில் புதுக்கோட்டை எந்த அலமாரியில் இருக்கிறது? 2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்தது. சென்னையும் அதைச் சுற்றிய மாவட்டங்களும் ஏ. கோவை, கிருஷ்ணகிரி, பக்கத்துத் திருச்சி எல்லாம் பி. புதுக்கோட்டை சி. இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. சி மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்குச் சலுகை அதிகம், சிப்காட் நில விலையிலும் தள்ளுபடி உண்டு. ஆனால் சலுகைக்காக மட்டும் யாரும் தொழிற்சாலை கட்டுவதில்லை என்பதை மாவட்டத்தின் வடமேற்கு மூலை நன்றாகவே காட்டுகிறது.

விராலிமலையில் ஐடிசி இருக்கிறது, ரானே குழுமத்தின் வாகன உதிரிபாக ஆலை இருக்கிறது. வருவாய்க் கணக்கில் அது புதுக்கோட்டை மாவட்டம். அங்கே வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் திருச்சிப் பக்கம் என்பார்கள். சென்னை–மதுரை நான்குவழிச் சாலை அந்த வழியாகப் போகிறது. நல்ல பள்ளியும் மருத்துவமனையும் திருச்சியில் இருப்பதால் அதிகாரிகள் அங்கே குடியிருந்துகொண்டு வந்து போகிறார்கள். அந்த ஆலைகளின் சொத்து வரியில் புதுக்கோட்டை மாநகராட்சிக்குப் பத்துப் பைசா வராது. அவை வேறு உள்ளாட்சியின் எல்லையில் இருக்கின்றன. முதலீட்டுக்காக மாநகராட்சி ஏன் ஓட வேண்டும் என்று கேட்டால், உண்மையில் அதற்கு ஓடக் காரணமே இல்லை.

மாத்தூரின் கதை வேறு மாதிரி. திருச்சி பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலையை நம்பி அங்கே ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. இரும்புத் தகடு வரும். வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து அனுப்ப வேண்டும். நாடெங்கும் அனல்மின் நிலையங்கள் எழும்பிய காலத்தில் இரவு பகலாக வேலை நடந்தது. வங்கிகள் கூப்பிட்டுக் கடன் கொடுத்தன. ஐடிஐ முடித்த பையன் நல்ல வெல்டராகிவிட்டால் போதும், கல்ஃபுக்குப் போகாமலே குடும்பம் நடத்தலாம். பிறகு நிலக்கரி மின்நிலைய ஆர்டர்கள் சரிந்தன. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பட்டறைகளில் ஷட்டர் இறங்கியது, கடன் வாராக்கடனானது. வெல்டர்கள் கல்ஃபுக்கே போனார்கள். பெரிய கம்பெனி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்கள் மாத்தூரில் ஒரு நாள் சுற்றி வரலாம். வந்தது பெரிய கம்பெனியா சின்னக் கம்பெனியா என்பதைவிட, அது போனால் கைத்தொழிலை வேறு எங்கே விற்கலாம் என்பதே அங்குள்ளவர்களின் கவலை.

கிழக்குப் பக்கம் போனால் கேள்வியே தலைகீழாகிறது. எது வர வேண்டும் என்பதை விட்டுவிட்டு, எது வரக் கூடாது என்று அங்கே பேசுகிறார்கள். ஆலங்குடி வட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அமைச்சரவை 2017 பிப்ரவரியில் ஒப்புதல் கொடுத்தது. அரசின் பார்வையில் அதுவும் முதலீடுதான். ஊர் மக்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். தென்னையும் பலாவும் பூவும் விளைகிற மண் அது. பல நூறு அடி ஆழ்துளைக் கிணற்று நீரில் விவசாயம் செய்கிறவர்களுக்கு, அந்த நீருக்குக் கீழே குழாய் இறக்குகிறேன் என்று சொன்னால் எப்படிக் கேட்கும்? திட்டம் நகரவில்லை. 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டத்தில் தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களோடு புதுக்கோட்டையின் ஐந்து ஒன்றியங்களும் சேர்ந்தன: அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி. எண்ணெய், எரிவாயுத் துரப்பணம், தோல் பதனிடுதல், தாமிர உருக்காலை போன்றவற்றைப் புதிதாக அங்கே தொடங்க முடியாது.

இது முதலீட்டுக்கு எதிரான சட்டம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்த ஊரில், வருகிறவனுக்கும் குழப்பம் இல்லை. அந்தப் பகுதிக்கு எது வேண்டும் என்பதை அதே தெளிவோடு இன்னும் யாரும் எழுதவில்லை என்பதுதான் குறை. கீரமங்கலத்துப் பூ அன்றன்றைக்கு விலை போக வேண்டும், இல்லையென்றால் குப்பை. ஆதனக்கோட்டையில் தஞ்சைச் சாலையோரம் பெண்கள் முந்திரிக்கொட்டையைத் தகரத்தில் வறுத்து, புகையில் கண்ணெரிய, ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்துப் பருப்பெடுக்கிறார்கள். காரை நிறுத்தி வாங்குகிறவர்களோடு வியாபாரம் முடிந்துவிடுகிறது. குளிர்பதனக் கிடங்கும் தரப்படுத்தும் கூடமும் வேண்டும். ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ போய்த் தேட வேண்டிய அளவு பெரிய பணமும் இதற்குத் தேவையில்லை.

தண்ணீரை விட்டுவிட்டு இந்த மாவட்டத்தில் எதையும் பேச முடியாது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் இருந்தும் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. குடிநீரே திருச்சியிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீராகக் குழாயில் வருகிறது. தைலமரக் காடுகள் நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன என்பது விவசாயிகளின் பழைய புகார். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய இடம் விராலிமலைப் பக்கத்துக் குன்னத்தூர். மொத்த மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். அந்தக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறு வேண்டாம்.

விளம்பரம் என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. சித்தன்னவாசல் ஓவியத்தையோ திருமயம் கோட்டையையோ கேள்விப்படாதவர்களுக்கும் இந்த மாவட்டத்தின் பெயர் அதனால் தெரிந்திருக்கிறது. வண்ணப் புத்தகம் அச்சடித்து அந்தப் பெயரை மாற்ற முடியாது.

வேடிக்கை என்னவென்றால், புதுக்கோட்டை முதலீட்டைக் கண்டிராத ஊர் இல்லை. மாவட்டத்தின் தெற்கில் ராயவரம், அரிமளம், கடியாபட்டி என்று நகரத்தார் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் மூலதனம் கொண்டுபோய் வட்டிக்கடை நடத்தியவர்களின் வீடுகள் அவை. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தினார்கள். சுற்றியிருந்த கிராமத்தில் தொழில் தொடங்கியவர்கள் குறைவு. இன்று கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா போனவர்கள் மாதாமாதம் பணம் அனுப்புகிறார்கள். அதுவும் வீடாக, மனையாக, நகையாக, தங்கையின் கல்யாணமாக மாறுகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஊரில் போட்டால் திரும்பி வரும் என்று நம்பிப் போடக்கூடிய ஓர் இடத்தை யாரும் அவர்களுக்குக் காட்டவில்லை.

காட்டிய ஊர் ஒன்று உண்டு. 1990களின் பிற்பகுதியில், சென்னையை ஒட்டி அப்போது தனி நகராட்சியாக இருந்த ஆலந்தூரில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. தலைவராக இருந்த ஆர்.எஸ்.பாரதி வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று மக்களிடமே கேட்டார். தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு, குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டுக் கணக்குக் காட்டினார்கள். குழாய் பதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கான வீடுகள் பணம் கட்டின. அந்தப் பணம் கையில் இருந்ததால்தான் மீதிக்குக் கடன் கொடுப்பவர்களும் வந்தார்கள். வெளிநாட்டுப் பயணம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

புதுக்கோட்டை மாநகராட்சியின் எல்லைக்குள் அண்மையில் இணைந்த ஊராட்சிகளில் நிலைமை என்ன? நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று இணைப்புக்கு எதிராக மறியல் நடந்தது. அந்தத் தெருக்களுக்குக் குழாயும் சாக்கடையும் எப்போது வரும், அதற்கு ஏறுகிற வரியில் எவ்வளவு போகும் என்பதை வார்டு வாரியாக எழுதி ஒட்டுவதற்கு வழிகாட்டி நிறுவனமும் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். மாமன்றத்தில் ஒரு தீர்மானம் போதும்.