பச்சை இறைச்சியும் பச்சை எருவும்

வட்டகொடையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே, லயன் ஓரங்களிலும் ஓடைக்கரைப் பாத்திகளிலும் கரட், லீக்ஸ், கோவா, சலாது முதலிய மரக்கறிகளைச் செய்கை பண்ணும் கமக்காரர் பலர் உளர். இறைச்சியைப் பற்றிய அறிவுரை எமக்கு எதற்கு என்று நீங்கள் வினவலாம். இறைச்சியிலுள்ள நோய்க்கிருமி இறைச்சியோடு நின்றுவிடுவதில்லை. வெட்டும் பலகை வழியாகவும் எரு வழியாகவும் அது மரக்கறியை அடைந்து, இறைச்சியை ஒருபோதும் உண்ணாதவரையும் தாக்கவல்லது. அவ்வழிகளை அடைப்பது உங்கள் கையிலேயே உள்ளது.

கிருமி எங்கிருந்து வருகின்றது?

நோயின்றித் தோன்றும் மாடு, கோழி ஆகியவற்றின் குடலிலும் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் வாழ்கின்றன. விலங்கை அறுத்துத் தோலுரித்துக் குடலை நீக்கும்போது சிறிதளவு சாணம் பட்டாலும் அவை இறைச்சியில் ஒட்டிக்கொள்கின்றன. மாட்டிறைச்சி முழுத்துண்டாக இருப்பின் கிருமி பெரும்பாலும் வெளிப்புறத்திலேயே தங்கும். அடுப்பின் சூடு அதனை எளிதில் அழிக்கும். இறைச்சியை அரைத்துவிட்டாலோ வெளிப்புறத்தில் இருந்தது உட்புறம் சென்றுவிடும்.

முற்காலத்தில் ஊரில் ஓர் ஆடு அறுக்கப்பட்டால் அதனைச் சில குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. தீங்கு நேரினும் அக்குடும்பங்களோடு நின்றது. இக்காலத்துப் பெரிய தொழிற்சாலைகளிலோ பல மாடுகளின் இறைச்சி ஒன்றாக அரைக்கப்பட்டுத் தொலைதூரம் அனுப்பப்படுகின்றது. 1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், முற்றாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியை உண்டதனால் 700 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு பிள்ளைகள் இறந்தனர். 2011 ஆம் ஆண்டில் யப்பானிலே பச்சை மாட்டிறைச்சி உணவை உண்டவர்களுள் ஐவர் மாண்டனர். அதன் பின்னர், 2012 ஜூலை முதல் மாட்டீரலைப் பச்சையாக உண்ணக் கொடுப்பதை அந்நாட்டு அரசாங்கம் தடை செய்தது.

ஆயினும், தொழிற்சாலை இறைச்சியே தீயது, ஊரில் அறுத்தது தூயது என எண்ணுதல் தவறாகும். குளிரூட்டலும் பரிசோதனையும் ஒழுங்காக நடைபெறும் இடத்து இறைச்சி, பரிசோதனையின்றி மரத்தடியில் அறுக்கப்பட்டதைவிடப் பாதுகாப்பானது. எவ்விடத்து இறைச்சியாயினும் அதனைப் பச்சையாக உண்ணலாகாது.

அடுக்களையில் கவனிக்க வேண்டியவை

இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்தை அடைதல் வேண்டும். கோழியையும் ஈரலையும் அரைத்த இறைச்சியையும் முற்றாக வேகவைத்தே உண்ணுங்கள். சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமிகளைக் கொல்ல இவ்வெப்பம் போதுமானதே. ஆயினும் மலைநாட்டில் இறைச்சி வேகக் கூடுதலான நேரம் செல்லும். ஆகையால் துண்டுகளைச் சிறிதாக வெட்டி, நேரம் கொடுத்துச் சமையுங்கள்.

மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பூசுவது மணத்துக்கு நன்று. அவை வேகவைத்தலுக்கு ஈடாகமாட்டா. பச்சைக் கோழியைப் பீலியின் கீழ் வேகமாகக் கழுவினால் தெறிக்கும் நீர் அருகிலுள்ள பாத்திரங்களிலும் உணவிலும் கிருமியைச் சேர்க்கும். இறைச்சி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் கரட்டையோ சலாதையோ வெட்டாதீர்கள். முடியுமாயின் இரண்டு பலகைகள் வைத்திருங்கள். ஒன்றே உண்டாயின் மரக்கறியை முதலில் வெட்டி, இறைச்சியைப் பின்னர் வெட்டுங்கள். பலகையைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக் காயவிடுங்கள். சமைத்த கறியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்திருத்தல் நன்றன்று.

எருவில் கவனிக்க வேண்டியவை

இனி உங்கள் தொழிலுக்கு வருவோம். இலங்கையில் இறைச்சிக்கோழி பெருமளவில் வளர்க்கப்படுவது குருநாகல், கம்பகா, புத்தளம் முதலிய மாவட்டங்களிலாகும். ஒரே கொட்டிலில் ஆயிரக்கணக்கான கோழிகள் சுமார் ஆறு வாரம் வளர்க்கப்படுகின்றன. நெல்லாலையிலிருந்து பெறும் உமி அவற்றின் கீழே பரப்பப்பட்டு, எச்சத்தோடு கலந்து, கோழி எருவாக மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களுக்கு வந்து சேருகின்றது. இவ்வெரு பயிருக்கு மிகவும் பயனுடையது. எனினும் கோழியின் குடலிலிருந்த கிருமியையும் அது உடன் கொண்டுவரக்கூடும். இறைச்சியை வேகவைப்பது போலவே எருவையும் மக்கச் செய்தே பயன்படுத்த வேண்டும்.

2006 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஸ்பினாச் என்னும் கீரையைப் பச்சையாக உண்ட ஏறத்தாழ 200 பேர் நோயுற்றனர், மூவர் இறந்தனர். கலிபோர்னியாவில் அக்கீரை விளைந்த வயலுக்கு அண்மையிலிருந்த மாடுகளின் சாணத்தில் அதே கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. அவ்விலையை உண்டோர் நோயுற்றது இறைச்சியினால் அன்று.

ஆகையால் பின்வருமாறு செய்யுங்கள்:

1. கோழி எருவையும் சாணத்தையும் வைக்கோல், உலர்ந்த இலை, புல் ஆகியவற்றோடு கலந்து, ஒரு மீற்றருக்குக் குறையாத உயரத்துக்குக் குவியுங்கள். தாழ்நிலத்து நெற்கமக்காரர் வைக்கோலை எரித்துவிடாமல் இவ்வாறு பயன்படுத்தலாம்.

2. குவியலின் உட்புறம் 55 பாகைக்குக் குறையாத வெப்பம் 15 நாள் நிலைத்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் ஐந்து முறையேனும் புரட்டி, வெளிப்புறத்தை உட்புறமாக்குங்கள். இரும்புக் கம்பியொன்றைச் செருகிச் சிறிது நேரத்தின் பின் எடுத்தால், கையில் பிடிக்க இயலாத சூடு இருத்தல் வேண்டும்.

3. எமது குளிரும் மழையும் குவியலின் சூட்டைக் குறைக்கும். எனவே அதனை மூடி வையுங்கள். ஓடைக்கும் கிணற்றுக்கும் எட்டவே குவியுங்கள்.

4. மக்காத எருவை இட நேர்ந்தால், மண்ணில் படும் பயிரை அதன் பின் 120 நாள் கழித்தே அறுவடை செய்தல் வேண்டும் என்பது அமெரிக்காவில் சேதனக் கமத்துக்குரிய விதி. சலாதின் பயிர்க்காலம் இதனிலும் மிகக் குறைவு. ஆதலால் வளரும் சலாதுக்குப் பச்சை எருவை ஒருபோதும் இடாதீர்கள்.

5. எருவைத் தொட்ட கையோடும் மண்வெட்டியோடும் அறுவடைக்குச் செல்லாதீர்கள். அறுத்த மரக்கறியைத் தூய நீரிலேயே கழுவுங்கள்.

பன்றி வளர்ப்போருக்கு

2024 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் பரவிப் பல பன்றிகளை அழித்தது. இந்நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆயினும் அதன் நச்சுயிரி பச்சை இறைச்சியிலும் உப்பிட்ட இறைச்சியிலும் குளிரில் உறைந்த இறைச்சியிலும் நெடுநாள் உயிர்த்திருக்கும். ஆகையால் பன்றியிறைச்சிக் கழிவைப் பன்றிக்கு இடாதீர்கள்.

கமக்காரரே! நீங்கள் அனுப்பும் கரட்டைக் கொழும்பிலே ஒரு பிள்ளை வேகவைக்காமலேயே கடித்து உண்ணும். அப்பிள்ளையின் நலம் உங்கள் எருக்குழியில் தொடங்குகின்றது. ஐயம் எழின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், விலங்குகளுக்கு நோய் கண்டால் அரசாங்கக் கால்நடை வைத்திய அதிகாரியையும் தாமதியாது நாடுவீர்களாக.