கதிர் பட்ட தாடையும் பல் பிடுங்குதலும்

பல்லைப் பிடுங்கிய குழி தானாக ஆறிவிடுவதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. குழியில் இரத்தம் உறைகிறது. அவ்வுறைவினூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் முளைத்துப் பரவுகின்றன. சில வாரங்களில் ஈறு மூடிக்கொள்ள, அதனடியில் சில மாதங்களில் புது எலும்பு நிரம்புகிறது. இவ்வளவுக்கும் ஆதாரம் தாடையில் ஓடும் இரத்தமே.

வாயிலோ தொண்டையிலோ புற்றுநோய் கண்டு கதிர் சிகிச்சை பெற்றவர்களிடம் இவ்வாதாரம் குன்றிவிடுகிறது. நோயை அழிக்கும் கதிர்கள் வழியிலுள்ள எலும்பின் உயிரணுக்களையும் தாக்குகின்றன. நுண்குழாய்களின் உட்சுவர் தடித்து அடைபடுகிறது. எலும்பு பார்வைக்கு முன்போலவே இருக்கும். காயத்தை ஆற்றும் வல்லமைதான் இராது. அந்நிலையில் பல்லைப் பிடுங்கினால், எலும்பு வெளியே தெரிந்து மாதக்கணக்கில் ஆறாமல் மடிந்துபோவதுண்டு. தாடை முறிவதும் உண்டு. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கே அபாயம் மிகுதி. கதிரின் அளவு 60 கிரேயைக் கடந்த இடங்களில் அது இன்னும் கூடும். பிரெஞ்சு மருத்துவர் க்ளோத் ரெகோ 1922-ஆம் ஆண்டிலேயே இதனை விவரித்தார்.

கதிர் பட்டால் உமிழ்நீரும் வற்றுகிறது. அதனால் பல் விரைவில் சொத்தையாகிறது. பிடுங்கலாகாத தாடையிலேயே பிடுங்க வேண்டிய பற்கள் பெருகுவது விந்தைதான்! ஆகவேதான் கெட்ட பற்களைச் சிகிச்சைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே எடுத்துவிடுகிறார்கள்.

ஆண்டுகள் பல சென்றால் எலும்பு தேறிவிடும் என்பது பலருடைய எண்ணம். அது சரியன்று, இவ்வபாயம் நெடுங்காலம் நீடிப்பது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற ஒருவர், பல்லாண்டு கழித்து, வேலை மாற்றலாகிச் சென்ற நாகபுரியில் பல்வலி என்று ஒரு வைத்தியரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பல்வலிக்குப் பழைய கதை எதற்கு என்றோ, ஊர்மொழியில் சொல்ல வராமலோ அவர் வாளாவிருந்தால், வைத்தியருக்கு எவ்விதம் தெரியும்?

தெரிந்தால் அவர் செய்யத்தக்கது நிறைய உண்டு. பல்லைப் பிடுங்காமல் வேர்ச் சிகிச்சையால் காக்கலாம். பிடுங்கியே தீரவேண்டுமாயின், கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, எலும்புக்கு நோவு தராமல் எடுக்கலாம். உயர்ந்த அழுத்தத்தில் பிராணவாயு ஊட்டும் அறையைச் சிலர் பெரிதும் புகழ்வர். 1985-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு அதற்குச் சான்றாயிற்று. 2019-இல் பிரிட்டனிலிருந்து வெளிவந்த ஆய்விலோ, அவ்வறையில் இருந்தவர், இராதவர் இருசாராரிலும் நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேருக்கே எலும்பு மடிந்தது. அதற்காகத் தொலைவூருக்குப் பெருஞ்செலவு செய்து ஓட வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லை.

சிகிச்சைச் சீட்டில் எப்பக்கத்துத் தாடை, எத்தனை கிரே, எந்த ஆண்டு என்னும் விவரங்கள் இருத்தல் வேண்டும். சீட்டுத் தொலைந்திருந்தால், பதிவு எண்ணைக் குறித்துச் சிகிச்சை அளித்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கலாம்.