தட்டின் சுருதி கரண்டின் கையில்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963-ல் எச்.எம்.வி. வெளியீடாக வந்தது. அதை இன்று நெரவியில் ஒரு வீட்டுக் கூடத்தில் சுழலவிட்டால், அவர் பாடிய அதே சுருதியில் கேட்குமா? தட்டைச் சுழற்றும் மோட்டாருக்கு எப்படிப்பட்ட கரண்டு போகிறது என்பதைப் பொறுத்தது அது.

எல்.பி. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டும். பெல்ட் வைத்த பிளேயர்கள் பலவற்றில் சின்க்ரனஸ் மோட்டார் இருக்கும். மின்சாரத்தின் அலைவெண்ணைப் பிடித்துக்கொண்டே அது ஓடும். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 24 துருவ மோட்டார் நிமிடத்துக்கு 250 சுற்று சுற்றும். பெல்ட் அதை ஏழரையில் ஒரு பங்காக்கித் தட்டுக்குக் கொடுக்கும். வோல்டேஜ் இறங்கினால் மின்விசிறி தளர்ந்துபோகும். இந்த மோட்டாரோ அலைவெண் இறங்கினால்தான் வேகம் குறையும். அதனால், வோல்டேஜை மட்டும் சீராக்கும் ஸ்டெபிலைசரால் சுருதி திருந்தாது.

பக்கத்துத் திருமலைராயன்பட்டினத்தில் எரிவாயுவில் ஓடும் 32.5 மெகாவாட் மின்நிலையமும் நம் வீட்டு மோட்டாரும் ஒரே தாளத்தில்தான் சுற்றுகின்றன. 1990-களில் தென்மண்டலத்தில் அந்தத் தாளம் 48.5 ஹெர்ட்ஸுக்கு இறங்கிய வேளைகள் உண்டு. அப்போது தட்டின் வேகம் 3 சதவீதம் குறையும். சுருதி ஏறக்குறைய அரை ஸ்வரஸ்தானம் கீழே போகும். 2013 டிசம்பர் 31-ல் தென்மண்டலம் நாட்டின் மற்ற மின்தொகுப்போடு இணைந்தது. இப்போது விதிப்படி அலைவெண் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே இருக்க வேண்டும். அந்த அளவு ஏற்ற இறக்கத்தைப் பழகிய காதுகூட எளிதில் உணராது.

வேகத்தைச் சோதிக்க, 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையைத் தட்டின் மேல் வைத்து விளக்கைக் காட்டுவார்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி என்று அர்த்தம். ஆனால் விளக்கும் அதே கரண்டில் எரிந்தால், அலைவெண் குறையும்போது இரண்டும் சேர்ந்தே தளரும். கோடுகள் அப்போதும் அப்படியே நிற்கும். குவார்ட்ஸ் படிகத்தில் இயங்கும் தனி ஸ்ட்ரோப் விளக்குதான் உண்மையைச் சொல்லும்.

வேகத்தைவிட இன்று பெரிய தொல்லை அதிர்வு. மோட்டாருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றுக்குக் கரண்டு நேராகப் போகும். மற்றதற்கு ஒரு கெபாசிட்டர் வழியாக, கால் அலை தள்ளிப் போக வேண்டும். கெபாசிட்டர் பழசானால் அந்தக் கணக்கு பிசகும். மோட்டார் உடம்பில் விரலை வைத்தால் நறநறவென்று துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பு பலகை வழியாக ஊசிக்கு ஏறி, தம்புராவின் நாதத்துக்கு அடியில் மெல்லிய உறுமலாகப் படியும்.

நல்ல பவர் சப்ளை, வேகம் அதிர்வு இரண்டுக்கும் மருந்து. வரும் கரண்டை முதலில் நேர்மின்சாரமாக்கி, குவார்ட்ஸ் படிகத்தின் கணக்கில் புதிதாகச் சுத்தமான சைன் அலையை உண்டாக்கும். இரண்டு சுருளுக்கும் தனித்தனி அலை கொடுப்பதால், துடிப்பு அடங்கும்வரை அவற்றின் இடைவெளியைத் திருகிச் சரிசெய்யலாம். தட்டு வேகம் பிடித்ததும் மோட்டாருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்தால் அதிர்வு இன்னும் தணியும். லின் நிறுவனம் தன் எல்பி12 பிளேயருக்கு வல்ஹல்லா, லிங்கோ என்று கொண்டுவந்த சப்ளைகள் இந்த வழியில் வந்தவையே.

இப்படிப்பட்ட சப்ளைக்குச் செலவு செய்யுமுன் பெல்ட்டை மாற்றுங்கள், தாங்கிக்கு எண்ணெய் விடுங்கள். 230 வோல்ட் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள். டி.சி. மோட்டார் பிளேயருக்கு இந்த சப்ளை பொருந்தாது.

எல்லாம் முடிந்தபின், பேட்டரியில் ஓடும் சுருதிப் பெட்டியைக் காலையில் அந்தத் தட்டோடு சேர்த்து வையுங்கள். இரவில் மறுபடி போட்டுப் பாருங்கள். இரண்டும் பிசிறில்லாமல் ஒட்டி நின்றால், பவர் சப்ளைக்குக் கொடுத்த காசு வீணில்லை.