வீட்டில் கட்டிய விமானத்தைத் திருத்தலாமா?

அமெரிக்காவில், வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகையிலேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, ரிவெட் அடித்து, சில ஆண்டுகளின் மாலைநேர உழைப்பில் ஒரு விமானத்தைக் கட்டி முடித்து, அதில் தாமே ஏறிப் பறக்கிற சாமானிய மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் இத்தகையோருக்காகத் தொடங்கிய சங்கம், இன்று ஆஷ்காஷ் நகரில் ஆண்டுதோறும் நடத்தும் விழா உலகப் பிரசித்தி பெற்றது. விமானத்தின் பெரும்பகுதியைக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் கேட்கிறதே அன்றி, தொழிற்சாலை விமானங்கள் கடந்தாக வேண்டிய நீண்ட சான்றிதழ்ப் பரீட்சையை இவற்றிடம் கேட்பதில்லை. ஆகவே வரைபடத்தில் உள்ளதை மாற்றுவதும் கட்டுகிறவரின் உரிமையாகிவிடுகிறது. மதிக்கத்தக்க உரிமைதான் அது. பர்ட் ரூட்டான் 1970-களில் நுரைப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு உருவாக்கிய விந்தையான விமானங்கள் அந்தச் சுதந்திரத்தின் குழந்தைகளே. ஆயினும், வடிவமைத்தவர் போட்ட கணக்கைப் பாராமல் அவருடைய விமானத்தில் கைவைப்பது எத்தகைய அபாயம் என்பதை ஆர்வலர் ஒவ்வொருவரும் உணர்ந்தாக வேண்டும்.

எடையிலிருந்தே தொடங்கலாம். விமானம் சரிந்து திரும்பும்போதும், திடீரென மேலெழும் காற்றில் அகப்படும்போதும், இறக்கை சுமக்கும் பாரம் விமானத்தின் எடையைப்போலப் பல மடங்காகிறது. சாதாரண ரகச் சிறு விமானங்களுக்கு வழக்கமாக வகுக்கப்படும் எல்லை 3.8 மடங்கு, அந்த எல்லையைப்போல ஒன்றரை மடங்கு வரை முறியாமல் தாங்க வேண்டும் என்பது நியதி. 600 கிலோவுக்கு வடிவமைத்த விமானத்தின் உடற்பகுதியில் கனத்த எஞ்சினையும் பெரிய பெட்ரோல் தொட்டியையும் வைத்து 700 கிலோவாக்கினால், அதே இறக்கைக்கு 3.8 என்பது ஏறக்குறைய 3.3 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஒன்றரை மடங்குக் காப்பு இருக்கிறதே என்று சமாதானம் கொள்பவர், உலோகத்தின் தரத்திலும் கைவேலையிலும் நேரக்கூடிய குறைகளுக்காகவே அது ஒதுக்கப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்.

இதைவிட வியப்புக்குரியது, பலப்படுத்துவதால் விளையும் கேடு. இறக்கையின் நீளத்தில் ஓடி அதன் பாரத்தையெல்லாம் தாங்கும் உத்தரத்துக்கு ஸ்பார் என்று பெயர். நல்லெண்ணத்துடன் அதன்மேல் ஒரு பட்டையை வைத்து ரிவெட் அடித்தால், பட்டை இருக்கும் இடம் விறைப்படைகிறது. விறைப்படைந்த பாகமோ, இரட்டைமாட்டு வண்டியில் முந்தி இழுக்கும் மாட்டின் கழுத்திலேயே நுகத்தின் பளு விழுவதைப்போல, பக்கத்துப் பாகங்கள் பகிர்ந்து சுமந்த பாரத்தையும் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. பட்டை முடியும் விளிம்பில் விறைப்பு திடீரென மாறுவதால், பல நூறு மணி நேரப் பறப்புக்குப் பின் மயிரிழை போன்ற கீறல் தோன்றுவது பெரும்பாலும் அவ்விடத்திலேதான். ஒரு மின்கம்பியைக் கொண்டுசெல்ல உத்தரத்தில் போடும் சிறு துளையும் அற்பமானதன்று. வட்டமான துளையின் ஓரத்தில் உலோகத்தின் இறுக்கம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது.

எஞ்சினை மாற்றி வேகத்தைக் கூட்டுகிறவர்கள் எதிர்கொள்வது வேறொரு சத்துரு. வேகம் 20 சதவீதம் உயர்ந்தால் காற்றின் தாக்கம் 44 சதவீதம் உயர்கிறது என்பது ஒருபுறமிருக்க, ஒரு குறிப்பிட்ட வேகத்தைக் கடந்ததும் இறக்கையும், அதன் பின்விளிம்பில் கீலில் தொங்கும் எய்லரானும் ஒன்றையொன்று ஊக்கி, காற்றிலிருந்தே சக்தியைப் பெற்று, மேன்மேலும் வலுத்துப் படபடக்கத் தொடங்கும். ஃப்ளட்டர் எனப்படும் இந்த அதிர்வு சில விநாடிகளிலேயே இறக்கையைப் பிய்த்தெறிய வல்லது. எய்லரானின் எடை கீலுக்குப் பின்னால் மிகுந்திருந்தால் இது எளிதில் நேரும் என்பதால், கீலுக்கு முன்னால் ஈயக்கட்டி வைத்துச் சமன் செய்வார்கள். அழகுக்காகப் பின்பகுதியில் பூசும் கூடுதல் பெயிண்ட் கூட அந்தச் சமநிலையைக் கெடுத்துவிடும்.

தேர்ந்த வடிவமைப்பாளருக்கும் இவ்விஷயம் எளிதன்று. கிறிஸ் ஹைன்ட்ஸ் வடிவமைத்த ஸோடியாக் சிஎச் 601 எக்ஸ்எல் என்ற இருவர் விமானம் ஆறு விபத்துகளில் நடுவானிலேயே முறிந்து, பத்துப் பேர் மாண்டபின், 2009 ஏப்ரலில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவ்வகை விமானங்களைத் தரையிறக்குமாறு அவசரப் பரிந்துரை செய்தது. வாரியம் ஃப்ளட்டரைச் சந்தேகித்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் ஆராய்ச்சியோ, இறக்கைக்கு வரும் பாரம் குறைத்து மதிப்பிடப்பட்டிருந்ததையும் வெளிப்படுத்தியது. பரிகாரமாக வந்ததும் ஒரு திருத்தமே: ஸ்பாரை வலுப்படுத்தி, எய்லரானுக்குச் சமன் எடை சேர்த்தார்கள். ஆகவே திருத்துவது குற்றமன்று. கணக்கில்லாமல் திருத்துவதே குற்றம்.

பிரிட்டனில் இத்தகைய விமானங்களை மேற்பார்க்கும் லைட் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், திருத்தம் எதுவாயினும் தன் பொறியாளர்களின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும் என்கிறது. அமெரிக்காவிலோ, பெரிய மாற்றம் செய்தவர் அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டு, குறைந்தது 5 மணி நேரம் சோதனையாகப் பறந்து காட்டினால் போதும். பிரிட்டிஷ் முறையே மேலானதென்பது என் கருத்து. ஏனெனில் அமைதியான காற்றில் 5 மணி நேரம் பறந்து திரும்பிய இறக்கை, புயற்காற்றின் பாரத்தை அறிந்ததாகாது. அதை அறிய, இறக்கையைத் தலைகீழாகப் பொருத்தி, பறக்கையில் காற்று தாங்கும் விகிதத்திலேயே மணல்மூட்டைகளை அடுக்கிப் பார்ப்பது பழைய முறை. 600 கிலோ விமானத்துக்கு, இறக்கையின் சொந்த எடையையும் சேர்த்து எண்ணினால், அது 3,420 கிலோ ஆகும். அத்தனையையும் ஏற்றிய பின் 3 விநாடி முறியாமல் நிற்க வேண்டும்.